மெலிவுச் செம்மல்

அன்று காலை அவர் ஜாம் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார். முழங்கால்களுக்கு நடுவே இடுக்கித் திருகினார். துண்டைச் சுற்றித் திருகினார். கதவு நிலையில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திருகினார். பாட்டில் மசியவில்லை. கடைசியில் அதை மேசையில் வைத்துவிட்டு, "கம்பெனிக்காரன் இப்பல்லாம் ரொம்ப இறுக்கி அனுப்புறாம்மா" என்றார்.

"சாயங்காலம் பாத்துக்கலாங்க. நேரமாச்சு" என்றாள் மனைவி.

அவர் பெல்ட்டை மாட்டினார். ஆணியை வைத்து அடித்துப் புதிதாகப் போட்ட ஓட்டைகள் அதில் ஆறு இருந்தன. மிச்ச வார் இடுப்பைச் சுற்றிக்கொண்டு முதுகுப் பக்கம் போய் எட்டிப் பார்த்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். தெருமுனை திரும்பும்போது வழக்கம்போல மணியை ஒரு தட்டு தட்டினார்.

மணிச் சத்தம் அடங்கியதும் அவள் பாட்டிலை எடுத்தாள். ஒரே திருகல், திறந்துகொண்டது. பத்தொன்பது வருஷத்தில் அந்த வீட்டில் அவள் எந்த மூடியையும் திறந்ததில்லை. அவரிடம் நீட்டினால் போதும், திறந்து வரும். மூடியை மறுபடி வைத்து, குழந்தை தொட்டாலும் திறக்கிற மாதிரி லேசாக ஒரு சுற்று மட்டும் திருப்பி, இருந்த இடத்திலேயே வைத்தாள். சாயங்காலம் வந்து அவரே திறக்கட்டும்.

அவர் குடிநீர் வாரியத்தின் நீரேற்று நிலையத்தில் வால்வுக்காரர். அவர் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சக்கரம்; அதைச் சுற்றினால் பெரிய குழாயில் தண்ணீர் நிற்கும், எதிர்ப்பக்கம் சுற்றினால் ஓடும். முழுதாக மூட நாற்பத்திரண்டு சுற்று. அதைச் சுற்றுவதற்கு மோட்டார் ஒன்றும் இருந்தது. அது பழுதாகிப் பதினொரு வருஷம் ஆகிறது. கோப்பு நகர்ந்துகொண்டே இருந்ததால் மோட்டார் நகராமல் இருந்தது. அதன் வேலையையும் இவரே பார்த்தார். எல்லோருக்கும் அவர் 'சக்கரத்தார்'.

"மொத முப்பது சுத்து கை செய்யும். கடைசிப் பன்னெண்டு இருக்கே, அது முதுகும் தொடையும் செய்யணும். தண்ணி அப்பதான் எதுத்து நிக்கும்" என்பார். சாப்பிட உட்கார்ந்தால் ஆறு முட்டை. தோள் கதவு அகலம். வயிறு மட்டும் ஐம்பதைத் தாண்டியபின் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. தொண்ணூற்றிரண்டு கிலோ.

அப்போது, ஜாம் பாட்டில் மசியாத அந்தக் காலைக்குச் சில மாதம் முன்பு, வாரியத்துக்குப் புது இயக்குநர் வந்தார். வந்தவர், ஊழியர்கள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதைக் கண்டு மனம் வருந்தினார். லிஃப்ட்டைச் சரிசெய்வதற்குப் பதிலாக 'உடற்செம்மைப் பிரிவு' என்று ஒன்றைத் தொடங்கினார். அதற்கு ஓர் அதிகாரி, நான்கு உதவியாளர்கள், கதவு உயரத்துக்கு ஒரு எடை மெஷின். போன வாரத்தைவிட எடை குறைந்திருந்தால் மெஷின் மணி அடிக்கும். கூடியிருந்தால் சிவப்பு விளக்கு எரியும். அந்த ஊழியர் சுவரைப் பார்த்தபடி 'சிந்தனை வரிசை'யில் கால் மணி நேரம் நிற்க வேண்டும். அதிகாரிக்கு ஊழியர்கள் 'தராசு ஐயா' என்று பெயர் வைத்தார்கள். அவர் மட்டும் மெஷினில் ஏறியதே இல்லை. கேட்டவர்களிடம், "நான் ஏறிட்டா முள்ள யாருய்யா பாக்குறது?" என்றார்.

எல்லோருக்கும் உயரத்தை வைத்து ஓர் இலக்கு. சக்கரத்தாருக்கு அறுபத்தெட்டு கிலோ. பன்னிரண்டு வாரம் கெடு. எட்டாதவர்கள் பணித் தகுதியை இழந்து, பின்பக்கக் கிடங்கில் பழைய குழாய்களை எண்ணப் போக வேண்டும். முதல் அணியில் எட்டாத மூன்று பேர் ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணச் சொல்லியிருந்தது.

"சக்கரத்த விட்டுட்டுக் குழாய் எண்ணுறதா? அதுக்குப் பட்டினி கெடக்கலாம்" என்றார் சக்கரத்தார்.

அவர் மனைவி ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். எந்தக் காகிதம் வந்தாலும் அடியிலிருக்கும் பொடி எழுத்து வரை படிக்காமல் வைக்க மாட்டாள். சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தாள். சாப்பாட்டுப் பட்டியலில் மூன்று வேளையும் காய் வேகவைத்து வடித்த தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் காய். முட்டைக்கு எதிரே பெருக்கல் குறி. பயறு, பால், மீன் எல்லாவற்றுக்கும் பெருக்கல் குறி. அதற்குக் கீழே ஒரு வரி: உடல் உழைப்பு பசியைத் தூண்டும் என்பதால், பளு தூக்குதல், இழுத்தல், சுற்றுதல் ஆகிய பணிகளில் இருப்போர் பன்னிரண்டு வாரமும் நாற்காலிப் பணியில் அமர்த்தப்படுவர்.

"என்னங்க, உங்கள உக்கார வைக்கப் போறாங்களாம்."

"நல்லதுதானே. பதினொரு வருஷமா மோட்டார் உக்காந்திருக்கு. நான் மூணு மாசம் உக்காந்தா என்ன?"

அவளுக்கு மனம் கேட்கவில்லை. தெருக்கோடி மருத்துவ நிலையத்துச் செவிலியிடம் அவரை இழுத்துக்கொண்டு போனாள். செவிலி அவர் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார், தோளைத் தட்டிப் பார்த்தார், சக்கரத்தின் கதையைக் கேட்டார்.

"வயித்துல மட்டும்தான் அண்ணே கொழுப்பு. மாசத்துக்கு ரெண்டு, மூணு கிலோ எறங்குனாப் போதும். சாப்பாட்ட அளவாக் கொறைங்க. ஆனா முட்டை, பயறு, பால்ல கை வைக்காதீங்க. முக்கியமா சக்கரத்த விட்டுடாதீங்க. வேலை குடுத்துக்கிட்டே இருந்தாத்தான் தசை தங்கும். தீனியும் போடாம வேலையும் குடுக்காம உக்கார வச்சீங்கன்னா, கொழுப்பு போறப்ப தசையும் மூட்டையக் கட்டிக்கிட்டுக் கூடவே கெளம்பிடும். தராசுல ரெண்டும் ஒரே கிலோதான். சக்கரத்துக்கு வேற வேற."

இதையே சீட்டில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

அவள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுச் சீட்டோடு வாரியத்துக்குப் போனாள். வாசலிலேயே நிறுத்தினார்கள். உள்ளே வருகிற யாரானாலும் எடை போட்டாக வேண்டுமாம். ஐம்பத்தெட்டு கிலோ என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். அதைக் காட்டித்தான் தராசு ஐயாவின் அறைக்குள் நுழைய முடிந்தது.

தராசு ஐயா செவிலியின் சீட்டைத் தலைகீழாக ஒருமுறையும் நேராக ஒருமுறையும் பார்த்தார். எடை எங்கும் எழுதியிருக்கவில்லை என்றதும் மேசை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"ஐயா, உங்க படிவத்துல எடைக்குக் கட்டம் இருக்கு, உயரத்துக்கு இருக்கு, இலக்குக்கு இருக்கு. பலத்துக்கு மட்டும் கட்டமே இல்லையே?"

"பலமா? அது எதுக்கும்மா?"

"அவரு வேலையே அதுதானுங்களே."

"வேலைங்கிறது வேற பிரிவு. நாங்க உடம்பு மட்டுந்தான் பாக்குறோம்."

"பலம் உடம்புலதானே ஐயா இருக்கு?"

"இருக்கலாம். ஆனா எங்க மெஷின்ல காட்டலையே."

"குறையுறது கொழுப்பா தசையான்னு எப்படித் தெரியும்?"

தராசு ஐயா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். விவரம் தெரியாதவர்களுக்கு விளக்குவதில் அவருக்கு விருப்பம் உண்டு.

"நல்லாக் கேட்டுக்கம்மா. வீட்டுல அடசல் ஜாஸ்தியாச்சுன்னு லாரிய வரச்சொல்லி ஏத்துறோம். வீடு லேசாயிடுது. எது எது போச்சுன்னா பாத்துக்கிட்டு இருப்போம்?"

"பாப்போம் ஐயா. வீட்டுக்காரங்க பாப்போம்" என்றாள் அவள்.

தராசு ஐயா உதவியாளரைக் கூப்பிட்டு, சந்திப்புப் பதிவேட்டில் 'குடும்ப ஆலோசனை சிறப்பாக நிறைவுற்றது' என்று எழுதச் சொன்னார்.

சக்கரத்தாரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிரே சக்கரம். அந்த வாரங்களில் குழாய் எதுவும் வெடிக்கவில்லை, சக்கரமும் ஓய்வெடுத்தது. வாரியம் முழுக்க ஒரே உற்சாகம். எடை போடும் நாளில் ஊழியர்கள் செருப்பைக் கழற்றினார்கள், மோதிரத்தைக் கழற்றினார்கள், பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்தார்கள். ஓட்டுநர் ஒருவர் இருபது வருஷத்து மீசையை எடுத்தார். வரவேற்பறை எழுத்தர் ஒருவர், எடை போடும் நாளன்று காலையில் போய் ரத்த தானம் செய்துவிட்டு வந்தார், மணி அடித்தது. அடுத்த வாரம் ரத்த வங்கி வாசலில் வாரிய ஊழியர்களின் வரிசை நின்றது. 'நம் ஊழியர்களிடையே சேவை மனப்பான்மை பொங்கி வழிகிறது' என்று இயக்குநர் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார்.

சக்கரத்தாருக்கு ரத்தம் கொடுக்கத் தேவைப்படவில்லை. வாரா வாரம் மணி அடித்தது. எட்டாவது வாரத்தில் சைக்கிளை மேட்டில் மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளினார். பத்தாவது வாரத்தில் தண்ணீர்க் குடத்தை இரண்டு கையாலும் தூக்கினார். முகம் ஒட்டி, தோள்பட்டை சட்டைக்குள் ஹேங்கர்போலத் துருத்திக்கொண்டு நின்றது. வயிறு மட்டும், இளைத்துப்போன வீட்டில் இளைக்காத விருந்தாளி மாதிரி, முன்னால் கொஞ்சம் உட்கார்ந்தே இருந்தது.

"ஒரே ஒரு முட்டைங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"மெஷினுக்குத் தெரியும்மா. இன்னும் ரெண்டு வாரந்தானே? இலக்கத் தொட்டுட்டா சக்கரத்துக்கிட்டப் போயிடுவேன். அப்புறம் பாரு, ஆறென்ன, எட்டு முட்டை தின்னுறேன்."

பன்னிரண்டாவது வாரம் மெஷின் அறுபத்தெட்டைக் காட்டியது. மணி விடாமல் அடித்தது. வாரியத்திலேயே அதிக எடை குறைத்தவர் அவர்தான். 'மெலிவுச் செம்மல்' பட்டம் அவருக்கென்று முடிவாயிற்று. இலக்கைத் தொட்ட மற்றவர்களுக்கு வெள்ளிப் பதக்கம்.

விழா கூட்ட அரங்கில் நடந்தது. முன்வரிசையில் குடும்பத்தார். இயக்குநர் பேசினார்:

"நான் இந்தப் பொறுப்புக்கு வந்தபோது இங்கே நூற்று எண்பது டன் ஊழியர்கள் இருந்தார்கள். இன்று நூற்று ஐம்பது டன். ஒருவரைக்கூட வேலையை விட்டு அனுப்பாமல் முப்பது டன் ஊழியர்களைக் குறைத்த ஒரே வாரியம் நம்முடையதுதான். வேலை நடக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். நண்பர்களே, வேலை நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. எடை குறைவதைப் பார்க்க முடியும். பார்க்க முடிவதைத்தான் நான் செய்வேன்."

கைத்தட்டல். தட்டியவர்கள் சீக்கிரமே களைத்துப்போனதால் அது குறுகியதாகவே இருந்தது.

பரிசு, ஓர் இரும்புக் கட்டி. குறைத்த எடைக்குச் சரியாக இருபத்து நான்கு கிலோவில் வார்த்து, மேலே பட்டத்தைப் பொறித்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் என்றால் சக்கரத்தார் அதை ஒற்றைக் கையில் தூக்கி, மறு கையால் எல்லோருக்கும் வணக்கம் சொல்லியிருப்பார். அன்றைக்குக் குனிந்தார், பிடித்தார், நிமிர முடியவில்லை. சபை காத்திருந்தது. மறுபடி குனிந்தார். முன்வரிசையில் அவர் மனைவி புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

தராசு ஐயா ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். "பாருங்க! பரிசு வாங்கக்கூட எவ்வளவு பணிவாக் குனியறார்!"

கட்டியை வீட்டுக்குக் கொண்டுவரத் தள்ளுவண்டி பிடிக்க வேண்டியிருந்தது. வாசலுக்குள் வைத்துவிட்டு வண்டிக்காரர், "இது என்னாக்கா?" என்றார்.

"எங்க வீட்டுக்காரரோட பாதித் தோளு" என்றாள் அவள்.

சக்கரத்தார் அதைக் கேட்டுச் சிரித்தார். உட்கார்ந்துகொண்டுதான் சிரித்தார்.

மறுநாள் காலையில்தான் அந்த ஜாம் பாட்டில் திறக்க மறுத்தது.

பதினொரு மணிக்கு மருத்துவமனைக்குப் பின்தெருவில் பெரிய குழாய் வெடித்தது. தரைத்தளத்துக்குள் தண்ணீர் புகுந்து, கட்டிலோடு நோயாளிகளை நகர்த்துகிறார்கள் என்று தகவல் வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து சக்கரத்தார் சக்கரத்தைப் பிடித்தார்.

அப்புறம் நடந்ததை அவளுக்குச் சொன்னவர் பம்பு ஆபரேட்டர். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வீட்டு வாசலில் நின்றுகொண்டே சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவரு சத்தமா எண்ணித்தான் சுத்துவாருன்னு உங்களுக்குத் தெரியுமேக்கா. பதினஞ்சுல கொஞ்சம் நின்னாரு. 'விடுங்க, வேற ஆளக் கூப்பிடலாம்'னேன். 'எந்த ஆளுய்யா இருக்கான்? அங்க ஆஸ்பத்திரில தண்ணி ஏறுது'ன்னாரு. இருவது, இருவத்தஞ்சு... முப்பத்தொண்ணு வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் சத்தம் வரல. மனசுக்குள்ள எண்ணுறாருன்னு நெனச்சேங்க்கா. சக்கரத்துமேல சாஞ்சிருந்தாரு."

"அவருக்கு வலிச்சுச்சா?"

"தெரியலக்கா. மொகம் சாதாரணமாத்தான் இருந்துச்சு."

பம்பு ஆபரேட்டர் தொடர்ந்தார்: "அவர எறக்கிப் படுக்க வச்சுட்டு, மிச்சம் பதினொண்ண நான் சுத்தலாம்னு புடிச்சேன். நானும் வெள்ளிப் பதக்கங்க்கா. இம்மிகூட அசையல."

தொட்டி காலியாகி, சாயங்காலம் தண்ணீர் தானாக நின்றது.

இரங்கல் கூட்டத்தில் இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நம் செம்மல் நம்மைவிட்டுப் பிரிந்தபோது அவர் எடை அறுபத்தேழு கிலோ அறுநூறு கிராம். இலக்கைவிட நானூறு கிராம் குறைவு. இறுதி மூச்சு வரை அவர் கட்டுப்பாட்டைக் கைவிடவில்லை" என்றார். விசாரணைக் குழு ஒன்றும் போட்டார்கள். குழு நீரேற்று நிலையத்துக்குப் போய்ச் சக்கரத்தை அளந்தது. 'சக்கரத்தின் உயரத்தோடு ஒப்பிடும்போது அதன் எடை மிக அதிகம். விபத்துக்கு இதுவே காரணம்' என்று அறிக்கை கொடுத்தது. சக்கரத்துக்கும் ஓர் இலக்கு நிர்ணயித்தார்கள். பன்னிரண்டு வாரம் கெடு.

மூன்று வாரம் கழித்து, அவர் துண்டையும் டிபன் பாக்ஸையும் சைக்கிளையும் எடுத்துப்போகச் சொல்லிக் கடிதம் வந்தது. அவள் போனாள். வாசலில் மெஷினில் ஏறச் சொன்னார்கள். ஏறினாள். மணி அடித்தது.

மணிச் சத்தம் கேட்டுத் தராசு ஐயாவே எழுந்து வந்துவிட்டார். பழைய துண்டுச் சீட்டின் பதிவைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"போன தடவை அம்பத்தெட்டு. இப்ப அம்பத்து மூணு! அஞ்சு கிலோ! என்னம்மா செஞ்சீங்க?"

"அவரு செத்துட்டாருங்க."

தராசு ஐயா பேனாவை எடுத்தார். 'கையாண்ட முறை' என்றொரு கட்டம் படிவத்தில் இருந்தது. அதன்மேல் பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். உணவுமுறை, நடைப்பயிற்சி, நீர்ச் சிகிச்சை என்று அச்சடித்திருந்த எதிலும் அது அடங்கவில்லை. கடைசியில் 'இதர' என்பதற்கு எதிரே டிக் போட்டுவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர்களை அவள் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், தராசு ஐயாவும் இரண்டு உதவியாளர்களும் வண்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். இரும்புக் கட்டி வேண்டுமாம். அடுத்த செம்மல் தேர்வாகிவிட்டார்.

"அவரு பட்டம் போட்டிருக்கே ஐயா?"

"பட்டந்தாம்மா போட்டிருக்கு, பேரு போடல. பட்டம் யாருக்கும் சொந்தமில்ல."

"புதுசா வந்தவர் எவ்வளவு கொறைச்சாரு?"

"இருவத்திரெண்டு. மிச்சம் ரெண்டு கிலோ ஊக்கத்துக்கு வச்சுக்கட்டும்."

"எடுத்துக்கோங்க" என்றாள் அவள். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அது கதவோரம் கிடந்தது.

உதவியாளர்கள் இருவர் சட்டையிலும் பதக்கம் குத்தியிருந்தது. ஒருவர் இந்தப் பக்கம் பிடித்தார், மற்றவர் அந்தப் பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று என்றார்கள். கட்டி ஒரு விரற்கடை எழும்பி, டொம்மென்று உட்கார்ந்தது. இன்னொரு முறை. மூன்றாவது முறை எழும்பவேயில்லை. ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மற்றவர் வாசற்படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்களும் ஒரு கை குடுங்களேன் ஐயா" என்றாள்.

"நான் மேற்பார்வைம்மா" என்றார் தராசு ஐயா.

படியில் உட்கார்ந்திருந்தவருக்கு அவள் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு ரொட்டித் துண்டை எடுத்துத் தட்டில் வைத்தாள். அலமாரியில் வேறு எதுவும் இல்லை; அந்த ஜாம் பாட்டில்தான் இருந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டு அதையும் எடுத்து நீட்டினாள்.

தராசு ஐயா தெருப்பக்கம் திரும்பியிருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு அவர் மூடியைத் தொட்டார். தொட்டதும் திறந்துகொண்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பரவால்லையேக்கா! கையில இன்னும் பலம் இருக்கு போல!"

அவள் மூடியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"இருக்குப்பா. சாப்பிடு" என்றாள்.

போகும்போது தராசு ஐயா பதிவேட்டில், 'பரிசுக் கட்டி குடும்பத்தாரின் வேண்டுகோளை ஏற்று அங்கேயே வைக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டார். வண்டி காலியாகத் தெருமுனை திரும்பியது.

கட்டி இன்னமும் கதவோரத்தில்தான் இருக்கிறது. பெருக்கும்போது அவள் அதைச் சுற்றிப் பெருக்குகிறாள். அதன் எடை இருபத்து நான்கு கிலோ. ஒரு கிராம்கூடக் குறையவில்லை.